ஆண்கள் பக்கம், பெண்கள் பக்கம்: தம்பியோடு குற்றாலம்

வியாழன் இரவு, பொதிகை எக்ஸ்பிரஸ்

விழுப்புரம் தாண்டிவிட்டது. தம்பி பக்கவாட்டுப் படுக்கையில் உட்கார்ந்து, ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, ஓடி மறையும் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் தூங்க நள்ளிரவு ஆகும். அதுவரை நானும் விழித்திருக்க வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

தம்பி என் மகன். மூத்தவள் அவனைத் தம்பி என்று கூப்பிடுவாள். அதுவே எங்கள் எல்லோருக்கும் பழகிவிட்டது. அவனுக்கு 11 வயது. வயதை மீறிய உயரம். ஆட்டிசம் என்று மூன்றாவது வயதில் உறுதியானது. தேவையைச் சொல்லக் கொஞ்சம் சொற்கள் வைத்திருக்கிறான். அதைவிட அதிகமாக, நாம் சொல்வதன் கடைசிப் பகுதியை அப்படியே திருப்பிச் சொல்வான். தண்ணீர் என்றால் உயிர். குளியலறையில் வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொள்வான். உடம்பின் மேல் விழும் கனமான, சீரான அழுத்தம் அவனுடைய நரம்புகளை அமைதிப்படுத்துகிறது என்று அவனுடைய தெரபிஸ்ட் விளக்கினார். அப்போதே எனக்குக் குற்றாலம் நினைவுக்கு வந்தது. நான் தென்காசிக்காரி. அருவியில் நனைந்து வளர்ந்தவள். என் பிள்ளைக்கு அது கிடைக்காமல் போகக் கூடாது. கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை, மூத்தவளுக்குப் பரீட்சை. நானும் தம்பியும் கிளம்பிவிட்டோம். ஊரில் அம்மாவும் அண்ணனும் இருக்கிறார்கள்.

எழும்பூரில் அறிவிப்பு ஒலிபெருக்கிக்கு நேர் கீழே எங்கள் பெட்டி நின்றது. தம்பி காதைப் பொத்திக்கொண்டு நடைமேடையில் உட்கார்ந்துவிட்டான். காது மூடும் ஹெட்போனை மாட்டி, பட அட்டையைக் காட்டினேன். ரயில், படுக்கை, இட்லி, ஆட்டோ, அருவி என்று வரிசையாகப் படங்கள் ஒட்டியது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டால் அவனுக்குப் பாதி பயம் போய்விடும். விரலை ரயில் படத்தின் மேல் வைத்தான், எழுந்தான், ஏறினான்.

எதிரே இருந்த அம்மாள் தாம்பரம் வருவதற்குள் என்னிடம் கேட்க வேண்டிய எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். கருவுற்றிருந்தபோது ஏதாவது பயந்தேனா, வேலைக்குப் போகிறேனா, பிள்ளையை யார் பார்த்துக்கொண்டார்கள், கையில் போனைக் கொடுத்தேனா. கடைசியில், "அம்மா பக்கத்திலேயே இருந்திருந்தால் பேச்சு வந்திருக்கும்" என்றார். கனிவாகத்தான் சொன்னார். கனிவாகச் சொன்னதாலேயே எனக்குக் கூடுதலாக வலித்தது.

இந்தப் பழி அந்த அம்மாள் கண்டுபிடித்ததல்ல. ஆட்டிசத்தைப் பற்றி விரிவாக எழுதிய முன்னோடி மருத்துவர்களில் ஒருவர் லியோ கானர். 1943ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். அந்தப் பெற்றோர்களிடம் அன்பின் வெப்பம் குறைவு என்றும் அவர் குறிப்பிட்டுவிட்டார். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த 20 ஆண்டுகள் மேற்கத்திய மருத்துவ உலகம் தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. தாயின் மனம் பனிக்கட்டியாய் இருந்ததால்தான் குழந்தை உள்ளே சுருண்டுகொண்டது என்றார்கள். 1964ல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், அவரே ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் அப்பா, இது மூளை வளர்ச்சி சார்ந்தது, வளர்ப்பு சார்ந்ததல்ல என்று ஆதாரங்களோடு எழுதினார். கானரே 1969ல் ஒரு பெற்றோர் கூட்டத்தில், உங்கள் மேல் குற்றமில்லை என்று அறிவித்தார். மருத்துவம் கைவிட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பழி, ஒரு ரயில் பெட்டியில் என் மடியில் வந்து விழுகிறது. அந்த அம்மாளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "பிறவியிலேயே மூளை வேறு மாதிரி வளர்ந்திருக்கிறது, அம்மா. நான் பக்கத்தில்தான் இருந்தேன்" என்று மட்டும் சொன்னேன்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், விளக்கு அணைத்த பிறகு என் அருகே வந்து உட்கார்ந்தாள். மடியில் எட்டு மாதக் குழந்தை. அடுத்த மாதம் தட்டம்மை ஊசி போட வேண்டுமாம். "ஊசியால்தான் ஆட்டிசம் வருகிறது என்று வாட்ஸ்அப்பில் வந்தது, அக்கா. போடலாமா?" என்று கேட்டாள்.

இன்றைக்கு என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் பதில் தேவைப்பட்ட கேள்வி இதுதான். அவளுக்கு நிதானமாகச் சொன்னேன். 1998ல் ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் என்ற பிரிட்டன் மருத்துவர் வெறும் 12 குழந்தைகளை வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அதில் முறைகேடுகள் இருந்தது தெரிந்து, வெளியிட்ட இதழே 2010ல் அதைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு அவர் மருத்துவப் பதிவேட்டிலிருந்தும் நீக்கப்பட்டார். டென்மார்க்கில் 6,50,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2019ல் முடிவு வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. தட்டம்மை குழந்தையைக் கொல்லும். ஊசியைப் போடு என்றேன். தம்பிக்கும் எல்லா ஊசியும் போட்டிருக்கிறேன், இன்னொரு குழந்தை பிறந்தாலும் போடுவேன் என்றும் சொன்னேன். கடைசியாகச் சொன்னதில்தான் அவள் முகம் தெளிந்தது.

வெள்ளி, தென்காசி, பேரருவி

காலையில் இறங்கியதுமே முகத்தில் சாரல். வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில் விழும் எங்கள் ஊர் ஆடிக்காற்று. தம்பி நாக்கை நீட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்தான். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். ஆச்சி கட்டிப்பிடிக்கக் கூடாது, அவனாக வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். அம்மா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற விதத்தைப் பார்க்க எனக்குத் தொண்டை அடைத்தது. அவன் பத்து நிமிடம் கழித்துப் போய் அவள் சேலை முந்தானையை முகர்ந்து பார்த்தான்.

மாலை நான்கு மணிக்கு மூவரும் பேரருவிக்குப் போனோம். தென்காசியிலிருந்து பஸ்ஸில் கால் மணி நேரத்துக்குள் குற்றாலம். நல்ல தண்ணீர். பொங்குமாங்கடல் என்ற பாறைக் குழியில் விழுந்து பொங்கி வழியும் இரைச்சல் கடைத்தெருவிலேயே கேட்டது. தம்பி ஹெட்போனைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

இதை விளக்க வேண்டும், ஏனென்றால் அண்ணன் உட்படப் பலரும் கேட்கிறார்கள்: சத்தம் தாங்காது என்கிறாய், அருவிச் சத்தம் மட்டும் எப்படித் தாங்குகிறான்? அளவு மட்டும் பிரச்சினை இல்லை. அருவி ஒரே சீராக இரைகிறது. எப்போது வரும், எப்போது நிற்கும் என்ற பதற்றம் அதில் இல்லை. மற்ற எல்லா ஒலிகளையும் மூடிவிடுகிறது. குக்கர் விசிலும் வண்டி ஹாரனும் அப்படியல்ல, எதிர்பாராத நொடியில் வந்து குத்துகின்றன. நம் காது தானாக வடிகட்டி ஒதுக்குவதை அவன் காது ஒதுக்குவதில்லை, எல்லாமே ஒரே கனத்தில் உள்ளே போகின்றன.

குற்றாலம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், பேரருவியில் ஆண்கள் பக்கம் வேறு, பெண்கள் பக்கம் வேறு. நடுவில் கம்பித் தடுப்பு. சின்னப் பையன்களை அம்மாமார் பெண்கள் பக்கம் கூட்டிப் போவது வழக்கம்தான். தம்பியைக் கையைப் பிடித்துப் படியில் இறக்கினேன். பாதிகூடப் போகவில்லை, ஒரு பெண் மறித்தார். "இவ்வளவு பெரிய பையனை இங்கே கூட்டி வரலாமா? அந்தப் பக்கம் அனுப்புங்கள்." பின்னால் இருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

நனைந்த உடையில் நிற்கும் பெண்கள் அவர்கள். ஓர் ஆண்பிள்ளை உள்ளே வந்தால் கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பக்கம் யாரோடு அனுப்புவது? தனியாக விட்டால் வழுக்கும் பாறையில் அவனுக்கு ஆபத்து என்பதே தெரியாது. கையை விட்டு நழுவிப் போகும் ஆட்டிசக் குழந்தைகளுக்கு மிகப் பெரிய அபாயமே நீர்நிலைதான். அங்கே நின்ற ஒருவர், "நான் பார்த்துக்கொள்கிறேன், அனுப்புங்கள் அம்மா" என்றார். நல்ல மனிதராகவே இருக்கலாம். நடந்ததைத் திரும்பி வந்து சொல்லத் தெரியாத பிள்ளையை முன்பின் தெரியாத யாரிடமும் தர மாட்டேன். எந்தத் தாயும் தரக் கூடாது.

நான் என் ஒற்றை வாக்கியத்தைச் சொன்னேன். "இவனுக்கு ஆட்டிசம், தனியாக நிற்கத் தெரியாது, ஓரமாக இரண்டு நிமிடம் நனைத்துவிட்டுப் போய்விடுகிறோம்." சிலர் ஒதுங்கினார்கள். ஒருவர், "பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறான்" என்றார். இதற்குள் கூட்டம் நகரவில்லை என்று மேலேயிருந்து காவலர் விசில் ஊதினார். மறுபடி ஊதினார். தம்பி அப்படியே சரிந்து படியில் விழுந்தான். தலையைச் சுவரில் மோத ஆரம்பித்தான். சுவருக்கும் தலைக்கும் நடுவே என் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சுற்றிலும் குரல்கள். "அடம்." "ஒரு அடி கொடுத்தால் எழுந்திருப்பான்." "என்ன வேண்டுமாம், வாங்கிக் கொடுங்கள்." அடம் பிடிக்கும் பிள்ளைக்கு ஒரு நோக்கம் இருக்கும். அழுகைக்கு நடுவே நம் முகத்தை ஓரக்கண்ணால் பார்க்கும், கேட்டது கிடைத்தால் நிறுத்தும். இதில் அவனுக்குக் கேட்பதற்கு ஒன்றுமில்லை. தாங்க முடியாத அளவு உள்ளே போய்விட்டது, உடம்பு உடைந்து கொட்டுகிறது. அடித்தால் இன்னும் ஒரு சுமை ஏறும். குறைக்க வேண்டியது சத்தம், வெளிச்சம், ஆட்கள். எனக்கு வேண்டியிருந்தது நான்கு அடி இடமும் கொஞ்ச நேரமும் மட்டுமே. ஒரு இளைஞர் போனை உயர்த்திப் படம் பிடித்தார். அம்மா போய் அவர் முன்னால் தன் முந்தானையை விரித்து நின்றுகொண்டாள். 70 வயதில் என் அம்மா அப்படி நின்றாள்.

ஒரு பெண் காவலர் வந்து, விசில் ஊதியவரிடம் போய்ச் சொல்லி நிறுத்தச் செய்தார். கூட்டத்தை விலக்கினார். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அவன் மூச்சு சீரானதும், "காலை ஐந்து மணிக்கு முன்னால் வாருங்கள். ஆள் இருக்க மாட்டார்கள்" என்றார். அவன் அருவியைத் தொடாமலேயே திரும்பினோம். பஸ்ஸில் அட்டையை எடுத்து அருவிப் படத்தில் விரலை வைத்து வைத்து எடுத்தான். "அருவி நாளை" என்றேன். "நாளை" என்றான்.

சனி, சுந்தரபாண்டியபுரம்

நாளை என்று சொன்னது இன்று நடக்கவில்லை. விடுமுறை நாள், கேரளத்திலிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் வேன்கள் நள்ளிரவிலேயே வந்து குவிந்துவிட்டன என்று அண்ணன் வந்து சொன்னான். அட்டையில் அருவிக்கு முன்னால் இன்னொரு படத்தை வரைந்து ஒட்டினேன்: காற்றாலை.

செங்கோட்டைக் கணவாய் வழியே இந்த மாதங்களில் காற்று ஓயாமல் பாயும். அதை நம்பித்தான் சுந்தரபாண்டியபுரம், சுரண்டைப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. தம்பி வரப்பில் நின்று ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டான். மூன்று இறக்கைகளும் ஒவ்வொன்றாக மேலே வருவதைப் பார்த்து, கைகளை உதறி உதறிக் குதித்தான். சூரியகாந்தி இன்னும் முழுதாகப் பூக்கவில்லை, அதைப் படம் எடுக்க வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். எங்களுக்கு ஏமாற்றமில்லை.

களை பறித்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி நிமிர்ந்து, "பிள்ளை ஏன் கையை அப்படி உதறுகிறான்?" என்று கேட்டார்.

"சந்தோஷம் வந்தால் அப்படித்தான், பாட்டி."

"உதறட்டும்" என்று சொல்லிவிட்டுக் களை பறிக்கப் போய்விட்டார். இந்தப் பயணத்தில் இதுவரை நான் கேட்ட நல்ல சொல் அது.

இரவு, பக்கத்து வீட்டு அத்தை தாயத்தோடு வந்தார். மந்திரித்துக் கட்டினால் வாய் திறக்குமாம். திருநீறு பூசினார், தம்பி ஏற்றுக்கொண்டான், எனக்கும் மறுப்பில்லை. தாயத்தை மட்டும் வேண்டாம் என்றேன். கயிறு தோலில் உரசுவதே அவனுக்கு வேதனை. நோய் தீர்க்க அல்ல, அவனை வாழ்த்துவதற்காக வாருங்கள், தினமும் வாருங்கள் என்று சொன்னேன். அத்தைக்கு மனத்தாங்கல்தான். அண்ணன், "உனக்குப் பிடிவாதம், அவனுக்குச் செல்லம். அதுதான் பிரச்சினை" என்றான். பதில் சொல்லவில்லை. நாளைக் காலை ஐந்தருவிக்கு அவனை ஆண்கள் பக்கம் அழைத்துப் போக அண்ணன்தான் ஒப்புக்கொண்டிருக்கிறான். அவனிடம் பட அட்டைகளைக் கொடுத்து, எண்ணிக்கையாகச் சொல்லி வெளியே அழைத்து வரும் முறையைச் செய்து காட்டினேன். பத்திலிருந்து ஒன்று வரை எண்ண வேண்டும், பிறகு "முடிந்தது" அட்டை.

ஞாயிறு, ஐந்தருவி

இன்று நடந்ததை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் முழுதாக எழுதுகிறேன்.

விடியற்காலை இருட்டிலேயே ஐந்தருவி போய்ச் சேர்ந்தோம். பாறையின் மேல் ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழும் இடம். இங்கேயும் இரு பாலருக்கும் தனித்தனிப் பக்கம். அண்ணன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். நான் பெண்கள் பக்கத்துப் படியின் கடைசியில், தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கிருந்து பார்த்தால் இருவரின் தலைகளும் தெரியும்.

தம்பி தண்ணீருக்குள் நுழைந்ததும் முதலில் திமிறினான். பிறகு நின்றான். தோள்களைக் கொடுத்து, கண்ணை மூடி, வாயைத் திறந்து நின்றான். கை உதறவில்லை, குதிக்கவில்லை, ஓசை எழுப்பவில்லை. அவன் உடம்பு அவ்வளவு நேரம் அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்துக் கையை உயர்த்தினான்.

விடிந்தது. இரண்டு வேன் ஆட்கள் ஒரே நேரத்தில் இறங்கினார்கள். விசில் ஊதினார்கள். பின்னாலிருந்து தள்ளினார்கள். எண்ணுவதற்கு நேரமே இல்லாமல் அண்ணன் அவனை வெளியே இழுக்க வேண்டியதாயிற்று. தம்பி அலறினான். வெற்றுடம்போடு ஈரத்தில் உருண்டான். அண்ணன் பின்னாலிருந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான், அவன் அண்ணனின் முன்னங்கையைக் கடித்தான். அலறும் பிள்ளை, இழுத்துக்கொண்டு போகும் ஆண். பார்த்தவர்களுக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கும்.

"யார் பையன் இது?"

"என் தங்கை மகன்."

ஒருவர் குனிந்து தம்பியிடமே கேட்டார். "தம்பி, இவர் உன் மாமாவா?"

"மாமாவா" என்றான்.

"இவரை உனக்குத் தெரியுமா?"

"தெரியுமா."

"உன்னைப் பிடித்துக்கொண்டு போகிறாரா?"

"போகிறாரா."

கேட்டவர் நிமிர்ந்து மற்றவர்களைப் பார்த்தார். அடுத்த நொடி அண்ணனின் கழுத்தில் கிடந்த துண்டை ஒருவர் முறுக்கிப் பிடித்தார். இன்னொருவர் தம்பியை அண்ணனிடமிருந்து பிரித்து இழுத்தார். நான் கம்பிக்கு இந்தப் பக்கம். இங்கிருந்து ஆண்கள் பக்கம் போக மேலே ஏறிச் சுற்றி இறங்க வேண்டும். "என் பிள்ளை, என் பிள்ளை" என்று கத்திக்கொண்டே ஓடினேன். அருவி இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை.

அங்கே போனதும் நான் யாரிடமும் பேசவில்லை. தம்பி முன்னால் மண்டியிட்டு, ஹெட்போனை மாட்டி, துண்டால் இறுகச் சுற்றி, பத்திலிருந்து எண்ணினேன். ஆறு வரும்போது அவனும் எண்ண ஆரம்பித்தான். அதைப் பார்த்துத்தான் பிடித்தவர்களின் கை தளர்ந்தது. பிறகு போனில் வைத்திருந்த அவனுடைய மாற்றுத்திறனாளி அடையாள அட்டையையும், அண்ணன் மடியில் அவன் உட்கார்ந்திருக்கும் மொட்டை அடித்த நாள் படத்தையும் காட்டினேன். துண்டை முறுக்கியவர் அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டார். இன்னொருவர், "பிள்ளையைக் காப்பாற்றத்தானே கேட்டோம்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அதை வீட்டுக்கு வந்து நாள் முழுவதும் யோசித்தேன். யாரென்று சொல்லத் தெரியாத பிள்ளையை உண்மையிலேயே ஒருவன் இழுத்துப் போனால், நான்கு பேர் வழிமறித்துக் கேட்க வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். கேட்டதில் எனக்குக் குறையில்லை. தெளிவான பதில் கிடைக்கும் முன்பே கை நீண்டதில்தான் குறை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து அடித்தே கொன்றார்கள். குலதெய்வம் கும்பிடப் போன குடும்பம் அது. வாட்ஸ்அப் வதந்தியே போதுமானதாக இருந்தது. இன்று என் அண்ணனுக்கும் அந்த முடிவுக்கும் நடுவே இருந்த இடைவெளியை நினைத்தால் எனக்கு உடம்பு நடுங்குகிறது.

ஆகவே இதைப் படிப்பவர்களிடம் வேண்டிக் கேட்கிறேன். சந்தேகம் வந்தால் கேளுங்கள், பெரியவரிடம் கேளுங்கள். அடையாள அட்டை, போனில் குடும்பப் படம், வீட்டில் ஒருவரின் எண் எதையாவது காட்டச் சொல்லுங்கள். தெளியவில்லையா, விலகி நின்று பார்வையில் வைத்துக்கொண்டு 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கோ 100க்கோ அழையுங்கள். யார் மேலும் கை வைக்காதீர்கள். பிள்ளை நீங்கள் சொன்னதையே திருப்பிச் சொன்னால், அதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆட்டிசத்தில் பலருக்கு மொழி அப்படித்தான் தொடங்குகிறது. கேட்டதை முழுதாகப் பிடித்து வைத்துத் திருப்பிக் கொடுப்பது அவர்கள் நம்மோடு பேசும் வழி. தம்பி அந்த மனிதருக்குப் பதில் சொல்லத்தான் முயன்றான்.

அண்ணன் மதியம் வரை பேசவில்லை. கையில் பல் தடம், கழுத்தில் சிவந்த கோடு. சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்தவன் பையிலிருந்து ஒரு லேமினேட் அட்டையை எடுத்தான். தம்பி, நான், அவர், மூத்தவள், ஆச்சி, மாமா எல்லோரும் இருக்கும் படம். கீழே பெரிய எழுத்தில்: "எனக்கு ஆட்டிசம். இவர்கள் என் குடும்பம். என்னைத் தொடாதீர்கள், இந்த எண்ணில் பேசுங்கள்." ஜெராக்ஸ் கடையில் அவனே சொல்லி அடிக்க வைத்திருக்கிறான். இரண்டு பிரதி, ஒன்று தம்பிக்கு, ஒன்று அவனுடைய சட்டைப்பைக்கு.

"ஆனால் அருவிக்கு இனி நான் கூட்டிப் போக மாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது" என்றான். அவனை நான் வற்புறுத்த மாட்டேன்.

திங்கள், தென்காசி

இன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். திங்கள்கிழமை தோறும் கலெக்டர் அலுவலகத்தில் மனு வாங்குவார்கள். நேற்று இரவு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். அண்ணனும் வந்தான், தம்பியும் வந்தான், புதிய அட்டை கழுத்தில் இல்லை, கயிறு ஆகாதே, சட்டையில் ஊக்கு வைத்துக் குத்தியிருந்தது. கூட்டம் அதிகமாக இருந்ததால் அண்ணன் அவனை வெளியே வேப்பமரத்தடியில் வைத்துக்கொண்டான்.

1995ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் என்பதே கிடையாது. 1999ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016ன் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க வழிசெய்யும் பொறுப்பை அரசுக்கும் உள்ளாட்சிக்கும் கொடுக்கிறது. அருவி எங்களுக்குப் பொழுதுபோக்கும்தான், பண்பாடும்தான். தென்காசிப் பிள்ளைக்குக் குற்றாலம் எட்டாது என்றால் அது என்ன ஊர்?

நான் கேட்டவை இவை. வாரத்தில் ஒரு நாள், கூட்டமில்லாத காலை நேரத்தில் ஒரு மணி நேரம், ஏதாவது ஓர் அருவியில் மாற்றுத்திறனாளிகளும் உடன் வருபவர்களும் மட்டும் நனைய அனுமதி. அந்த நேரத்தில் அம்மா மகனோடும், அப்பா மகளோடும் நிற்கலாம் என்ற அறிவிப்புப் பலகை. விசிலுக்குப் பதில் கைக்கொடி. இரு பாலரும் துணையாக உள்ளே போகக்கூடிய ஓர் உடை மாற்றும் அறை. சாரல் காலக் காவல் பணிக்கு வருபவர்களுக்கு ஆட்டிசம் பற்றி ஒரு மணி நேரப் பயிற்சி. அதற்கு நான் வந்து பேசத் தயார் என்றும் எழுதினேன். பெண்கள் தங்கள் பக்கத்தை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை, நானும் யாரிடமும் கெஞ்சத் தேவையில்லை.

மனுவை வாங்கிய அலுவலர் முழுதாகப் படித்தார், அதற்கே நன்றி சொல்லத் தோன்றியது. "இப்படி எத்தனை பேர் அருவிக்கு வருவார்கள்?" என்று கேட்டார்.

"வர முடியாததால்தான் சார் உங்கள் கண்ணில் படவில்லை" என்றேன். தென்காசியிலேயே எனக்குத் தெரிந்து இப்படிப் பிள்ளைகள் உள்ள பெற்றோர் இருக்கிறார்கள். ஆட்டிசம் உள்ள வளர்ந்த மகளை மொட்டை மாடியைத் தாண்டி எங்கும் அழைத்துப் போகாத ஓர் அப்பா இங்கேதான் இருக்கிறார். அம்மா இல்லாத பிள்ளை அது. அவர் எந்தப் பக்கம் போவார்?

குற்றாலம் பேரூராட்சிக்கும் காவல் துறைக்கும் அனுப்பிவைப்பதாகச் சொல்லி, ஒப்புகைச் சீட்டில் மனு எண் போட்டுக் கொடுத்தார். சாரல் காலம் இன்னும் சில வாரங்கள் இருக்கிறது. ஊரில் இருக்கும் அண்ணன் வாரம் ஒருமுறை போய்க் கேட்பதாகச் சொல்லியிருக்கிறான். இரவு ரயிலில் சென்னை திரும்புகிறோம். பதில் வந்ததும் எழுதுகிறேன், வராவிட்டாலும் எழுதுகிறேன்.